தலையில் அடி: சந்தேகம் வந்தாலே வெளியே

இங்கே தென்னாப்பிரிக்காவில் ரக்பி சீசன் தொடங்கியதும் கடிதங்கள் குவிந்துவிட்டன. பாதிப் பேர் "பையனுக்குத் தலைவலி, என்ன செய்யலாம்" என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறீர்கள். வயது என்ன, எப்போது அடிபட்டது, வாந்தி எடுத்தானா, கழுத்து வலிக்கிறதா என்ற நாலையும் எழுதுங்கள். போன வருடமும் இதையேதான் கேட்டேன்.

பையன் மயக்கம் போடவே இல்லை. அப்படியென்றால் கன்கஷன் (அடியில் மூளை குலுங்குவது) இல்லைதானே? (சாட்ஸ்வர்த்)

கன்கஷன் இருக்கலாம். அது ஆகிறவர்களில் பத்தில் ஒருவருக்குத்தான் நினைவு தப்பும், அதுகூட இருக்காது. மற்றவர்கள் நின்றுகொண்டுதான் இருப்பார்கள், ஆனால் பார்வை எங்கோ இருக்கும், கேட்டதற்குப் பதில் மெதுவாக வரும், எந்தப் பக்கம் ஓடவேண்டும் என்று தெரியாது. நினைவு தப்பியிருந்தால் கழுத்திலும் அடி என்றே வைத்துக்கொள்ளுங்கள், யாரும் தூக்கி உட்காரவைக்கக் கூடாது, ஆம்புலன்ஸுக்கு 10177-க்குப் போன் பண்ணுங்கள், மொபைலில் 112.

சி.டி. ஸ்கேன் நார்மல். சனிக்கிழமை ஆடலாமா? (ஃபீனிக்ஸ்)

கூடாது. ஸ்கேன் எடுப்பது ரத்தக்கசிவும் எலும்பு முறிவும் இருக்கிறதா என்று பார்க்க. கன்கஷன் அதில் தெரியாது.

பேரன் கால்பந்து ஆடும்போது தலையில் மோதிக்கொண்டான். தலைவலிக்கு கிராண்ட்-பா பவுடர் கொடுத்தேன். தூங்கவிடலாமா? (ஒரு ஆயா, டொங்காட்)

ஆயா, அந்தப் பவுடரை இனிமேல் கொடுக்காதீர்கள். அதில் ஆஸ்பிரின் இருக்கிறது, உள்ளே ரத்தம் கசிந்தால் உறையவிடாது, அதுவுமில்லாமல் பிள்ளைகளுக்கு ஆஸ்பிரினே ஆகாது. டிஸ்ப்ரினும் அதே கதைதான். கொடுத்ததை டாக்டரிடம் மறக்காமல் சொல்லுங்கள். வலி தாங்கவில்லை என்றால் பனாடோ (பாராசிட்டமால்), வயதுக்குத் தகுந்த அளவு. முதல் சில மணி நேரம் யாராவது பக்கத்தில் இருந்து பார்த்துக்கொள்ளவேண்டும், அப்புறம் நிம்மதியாகத் தூங்கட்டும், அது நல்லதுதான். தலைவலி ஏறிக்கொண்டே போனால், திரும்பத் திரும்ப வாந்தி எடுத்தால், எல்லாம் இரண்டாகத் தெரிந்தால், கை கால் மரத்துப்போனால், வலிப்பு வந்தால், எழுப்பியும் சரியாக எழாவிட்டால், விடியட்டும் என்று காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.

எங்கள் அண்டர்-15 பையன் ஒருவனுக்கு டாக்கிளில் தலையில் அடி. டிவியில் செய்வதுபோல வெளியே உட்காரவைத்து, இது எந்த மைதானம், கடைசியாக யார் ஸ்கோர் பண்ணினார்கள் என்றெல்லாம் கேட்டோம். எல்லாம் சரியாகச் சொன்னான், 12 நிமிடத்தில் உள்ளே அனுப்பினோம். சரிதானே? (பீட்டர்மாரிட்ஸ்பர்க்)

சரியே இல்லை. டிவியில் பார்க்கும் எச்.ஐ.ஏ. என்ற தலைக்காயச் சோதனை தொழில்முறை ஆட்டத்துக்கு மட்டும். அங்கே அணியைச் சேராத டாக்டர் இருக்கிறார், அடிபட்ட காட்சியைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்க்கிறார்கள், சீசனுக்கு முன்பே அந்த வீரருக்குச் சோதனை செய்து வைத்த மதிப்பெண் கையில் இருக்கிறது, ஆட்டம் முடிந்ததும் ஒருமுறை, ஓரிரு நாள் கழித்து இன்னொரு முறை திரும்பச் சோதிக்கிறார்கள். உங்களிடம் இருந்தது ஒரு தண்ணீர் பாட்டிலும் ஐந்து கேள்வியும். அந்தக் கேள்விகளுக்குத் தப்பாகப் பதில் சொன்னால் கன்கஷன் என்று சந்தேகிக்கலாம், சரியாகச் சொன்னால் கன்கஷன் இல்லை என்று ஆகாது. ஐந்துக்கும் சரியாகப் பதில் சொன்ன ஒரு பையன் திரும்பி வரும்போது வேனில் "நாம ஜெயிச்சோமா" என்று மூன்று தடவை கேட்டதை நானே பார்த்திருக்கிறேன்.

2019-இல் லார்ட்ஸ் கிரிக்கெட் டெஸ்டில் இங்கிலாந்தின் ஆர்ச்சர் போட்ட பந்து ஆஸ்திரேலியாவின் ஸ்டீவ் ஸ்மித்தின் கழுத்தில் பட்டது. டாக்டர்கள் சோதித்தார்கள், தேறினார், முக்கால் மணி நேரத்தில் திரும்ப வந்து ஆடினார். மறுநாள் காலையில்தான் தலைவலியும் தடுமாற்றமும் வந்தன, அவருக்குப் பதில் லபுஷேன் இறங்கினார். அத்தனை டாக்டர்கள் பார்த்தும் அறிகுறி மறுநாள்தான் வந்தது, 12 நிமிடத்தில் நீங்கள் என்ன பார்த்திருக்க முடியும்?

அடிபட்ட மூளை தேறுவதற்குள் இன்னொரு அடி விழுந்தால் மூளை வேகமாக வீங்கிவிடலாம். அபூர்வம்தான், ஆனால் அப்படிச் செத்துப்போனவர்களில் பெரும்பாலும் சின்னப் பையன்கள். 2009-லிருந்து போக்ஸ்மார்ட் என்ற ரக்பி பாதுகாப்புத் திட்டம் இந்த நாட்டுப் பயிற்சியாளர்களுக்கும் ரெஃப்ரிகளுக்கும் இதைத்தான் சொல்லிக்கொடுக்கிறது. கன்கஷன் சந்தேகம் வந்த வீரரை வெளியே அனுப்ப ரெஃப்ரி காட்டும் நீல அட்டை வந்ததும் இதற்காகத்தான். பள்ளி ஆட்டத்திலும் கிளப் ஆட்டத்திலும் சந்தேகம் வந்தாலே வெளியே, அன்றைக்குத் திரும்ப உள்ளே கிடையாது. அந்தப் பையனை இன்னும் டாக்டரிடம் காட்டவில்லை என்றால் இதைப் படித்து முடிக்கவேண்டாம், கூட்டிக்கொண்டு போங்கள்.

ஸ்க்ரம் கேப் (பஞ்சு வைத்த மெத்தென்ற தலைக்கவசம்) போட்டால் தப்பிக்கலாமா? (லெனேசியா)

காது கிழியாது, தோல் கீறாது. கன்கஷனைத் தடுக்காது, மூளை மண்டைக்குள்ளேதானே ஆடுகிறது. கேப் இருக்கிற தைரியத்தில் தலையைக் கொடுத்து மோதாமல் இருக்கச் சொல்லுங்கள்.

ஒரு வாரம் இருட்டறையில் படுத்திருக்கச் சொன்னார்கள். (டர்பன், பல்கலைக்கழக மாணவர்)

அது பழைய வைத்தியம். ஓரிரு நாள் ஓய்வாக இருங்கள், போனைக் குறையுங்கள், குடிக்காதீர்கள். அப்புறம் நடக்க ஆரம்பிக்கலாம், தலைவலி கொஞ்சம் கூடினால் பரவாயில்லை, நன்றாகக் கூடினால் அன்றைக்கு நிறுத்துங்கள். முதலில் வகுப்பு, அப்புறம் தனியாக ஓட்டம், பிறகு அணியோடு பயிற்சி, டாக்டர் சரி என்ற பிறகுதான் மோதல். ரக்பி என்றால் எப்படியும் மூன்று வாரம் ஆகும்.

மூன்று நாளாகத் தலைசுற்றல், கழுத்தும் வலிக்கிறது. ஆட்டத்துக்குப் போகலாமா? (ஊர், வயது எழுதவில்லை)

கழுத்து வலியைக் கடைசியில் எழுதியிருக்கிறீர்கள், அதைத்தான் முதலில் சொல்லியிருக்கவேண்டும். என் பதிலுக்குக் காத்திருந்ததே தப்பு. இன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள், யாரையாவது ஓட்டச் சொல்லுங்கள், நீங்கள் ஓட்டாதீர்கள்.