‘ஸோம்பி 2’ பார்க்க முதல் பாகம் தேவையா?

நள்ளிரவுக் காட்சிக்கு டிக்கெட் எடுத்துவிட்டேன், முதல் பாகம் பார்க்காமல் போனால் கதை புரியுமா என்று கேட்டிருக்கிறீர்கள். தாராளமாகப் போகலாம். முதல் பாகம் என்று ஒன்று கிடையாது. ஜார்ஜ் ரொமேரோ 1978இல் எடுத்த அமெரிக்கப் படம் இத்தாலியில் ‘ஸோம்பி’ என்ற பெயரில் ஓடியது. அந்த மவுசைப் பிடித்துக்கொள்ளத்தான் 1979இல் இத்தாலிய இயக்குநர் லூச்சியோ ஃபுல்ச்சியின் இந்தப் படத்துக்கு 2 என்ற எண்ணை ஒட்டினார்கள். இரண்டு கதைகளுக்கும் தொடர்பே இல்லை.

உதடும் வசனமும் ஒட்டாது. அது தியேட்டர் கோளாறு அல்ல. அக்கால இத்தாலியப் படங்களில் வசனத்தைப் பெரும்பாலும் பிறகுதான் டப்பிங் செய்தார்கள்.

கடலுக்கடியில் ஸோம்பியும் (எழுந்து நடமாடும் பிணம்) சுறாவும் மோதும் காட்சியைத் தவறவிடாதீர்கள். சுறா நிஜமானது! ஒரு மனிதர் ஸோம்பி வேடத்தோடு நீருக்குள் இறங்கி அதைக் கட்டிப் புரண்டிருக்கிறார். கிராஃபிக்ஸ் எதுவும் கிடையாது. கூட்டத்தோடு உட்கார்ந்து அதைப் பார்க்கவே இரவு கண்விழிக்கலாம் என்பேன்.

அப்புறம், மரச் சிம்பு கண்ணில் ஏறும் காட்சி. பிரிட்டன் தணிக்கையில் கத்தரி பட்ட இடம் அது. ரத்தம் பார்க்கத் தாங்காத நண்பர் கூட வந்தால் முன்பே சொல்லிவிடுங்கள்.