அக்காவிடம் கேளுங்கள்: வீட்டிலேயே ஸ்டேக்

விடுமுறைக்காலம் நெருங்குகிறது. வெளியூரில் படிக்கிற பிள்ளைகள் வீடு திரும்புகிறார்கள், ‘ஸ்டேக் செய்து கொடுங்கள்’ என்கிறார்கள். தடித்த கறித்துண்டை மசாலா இல்லாமல் அப்படியே வறுத்தெடுப்பதுதான் ஸ்டேக். அதைப் பற்றியே இந்த மாதம் நிறையக் கடிதங்கள். ஓட்டலில் கிரில் அடுப்பு முன்னால் பல வருடம் நின்றவள் நான். இதைப் பற்றிப் பேச எனக்கு ஆசை அதிகம். சாம்பார்ப்பொடி, ஊறுகாய் கேள்விகளுக்கு அடுத்த இதழில் பதில் சொல்கிறேன்.

மெல்போர்னில் படிக்கும் மகன் டிசம்பரில் வருகிறான். அங்கே சாப்பிடுகிற மாதிரியே ஸ்டேக் வேண்டுமாம். மும்பையில் எந்தக் கறி வாங்குவது? கடையில் என்னவென்று கேட்பது?
— வாசகி, செம்பூர்

சகோதரி, மெல்போர்னில் உங்கள் மகன் சாப்பிடுவது மாட்டுக்கறி. இங்கே கடையில் கிடைப்பது எருமைக்கறி. மகாராஷ்டிரத்தில் பசுவை அறுக்க முன்பே தடை இருந்தது. 2015-இல் காளையும் எருதும் அந்தத் தடைக்குள் வந்துவிட்டன. எருமைக்குத் தடை இல்லை. ஓட்டல் மெனுவில் ‘பஃப்’ என்று போட்டிருப்பதும் எருமைதான்.

இரண்டுக்கும் வித்தியாசம் உண்டு. எருமைக்கறியின் நிறம் இன்னும் கருஞ்சிவப்பு, கொழுப்பு வெள்ளை வெளேரென்று இருக்கும். தசைக்குள் இழையிழையாக ஓடும் கொழுப்பு மிகவும் குறைவு. வெளிநாட்டு ஸ்டேக்கில் அந்தக் கொழுப்பு உருகிக் கறியை மென்மையாகக் காட்டும். கொஞ்சம் கூடுதலாக வெந்தாலும் சமாளித்துக்கொள்ளும். நம் கறிக்கு அந்தப் பாதுகாப்பு கிடையாது, இரண்டு நிமிடம் அதிகமானால் காய்ந்துவிடும். அதனால் ‘அங்கே மாதிரியே’ என்று மகனுக்கு வாக்குக் கொடுக்காதீர்கள். நல்ல எருமை ஸ்டேக் தருகிறேன் என்று சொல்லுங்கள். கவனமாகச் செய்தால் அதன் ருசி எதற்கும் குறைந்ததல்ல. அந்த ஆழமான கறிச்சுவைக்காகவே நான் அதை விரும்புகிறேன்.

கடையில் ‘அண்டர்கட்’ என்று கேளுங்கள், பாய்க்கு உடனே புரியும். முதுகெலும்புக்கு அடியில், சிறுநீரகத்தை ஒட்டி, இரண்டு பக்கமும் நீளமாகக் கிடக்கும் தசை அது. நடக்கவும் பாரம் இழுக்கவும் அதற்கு அதிக வேலை இல்லாததால் மிருதுவாக இருக்கிறது. கிராஃபோர்ட் மார்க்கெட், பாந்த்ரா, தாராவிப் பக்கம் விசாரியுங்கள். ஓட்டல்காரர்கள் காலையிலேயே எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள், அதனால் முதல் நாளே சொல்லிவைப்பது நல்லது. மாநகராட்சி உரிமம் உள்ள கடையாகப் பாருங்கள். இதில் கூச்சப்படாமல் கேட்கலாம்.

முழுத் துண்டாகவே வாங்குங்கள். “ஸ்டேக்குக்கு வெட்டித் தரட்டுமா?” என்று அன்பாகத்தான் கேட்பார்கள். ஆனால் பல கடைகளில் அரை அங்குலத்துக்கு வெட்டி, கத்தியின் முதுகால் தட்டியும் கொடுத்துவிடுகிறார்கள். அவ்வளவு மெல்லிய துண்டில் மேல்பக்கம் சிவப்பதற்குள் உள்ளே முழுக்க வெந்துபோகும். நமக்கு ஒன்றரை அங்குலம் வேண்டும்.

வீட்டுக்கு வந்ததும் மேலே வெள்ளி நிறத்தில் ஒட்டியிருக்கும் சவ்வைக் கூர்மையான கத்தியால் உரித்துவிடுங்கள். எவ்வளவு நேரம் வேகவைத்தாலும் அது கரையாது. சூட்டில் சுருங்கித் துண்டையே வளைத்துவிடும். ஓரமாகத் தொங்கும் கயிறு போன்ற சதையையும், மெலிந்த வால் பகுதியையும் தனியே எடுத்து வையுங்கள். நடுப்பகுதிதான் ஸ்டேக்குக்கு.

அப்புறம், வாங்கிய அன்றே சமைக்க வேண்டாம். நம் ஊரில் பெரும்பாலும் அறுத்த அன்றே கறி விற்பனைக்கு வந்துவிடுகிறது. அறுத்த சில மணி நேரத்தில் தசை இறுகிவிடும், அந்த நிலையில் எந்த அண்டர்கட்டும் மிருதுவாக இருக்காது. ஃப்ரிட்ஜில் இரண்டு மூன்று நாள் விட்டால் கறியிலேயே இருக்கும் நொதிகள் தசைநாரை மெல்ல இளக்கிவிடும். ஃப்ரிட்ஜ் 4 டிகிரிக்கு மேல் போகக் கூடாது. தட்டின் மேல் கம்பிவலை, அதன் மேல் கறி, மூடாமல், எல்லாவற்றுக்கும் கீழ்த்தட்டில். மேல்தட்டில் வைத்தால் கறித்தண்ணீர் கீழே இருக்கிற தயிரிலும் மல்லிகைப்பூவிலும் சொட்டும். மூன்று நாளுக்கு மேல் வீட்டு ஃப்ரிட்ஜில் வைக்க நான் சொல்ல மாட்டேன்.

பப்பாளிக்காய், தயிர், இஞ்சி பூண்டு, கரம் மசாலா எல்லாம் போட்டு இரவு முழுக்க ஊறவைத்தேன். மேல்பக்கம் குழைந்துவிட்டது, நடுவில் கடிக்க முடியவில்லை. நிறமும் வரவில்லை. எங்கே தவறு?
— வாசகி, மாட்டுங்கா

பப்பாளிக்காயில் இருக்கும் பப்பேயின் புரதத்தைச் சிதைக்கும் நொதி. ஆனால் கறிக்குள் ஆழமாக இறங்காது, சில மில்லிமீட்டரோடு நின்றுவிடும். இரவு முழுக்க விட்டால் மேல்பக்கத்தையே தின்று கூழாக்கும், நடுப்பகுதி அப்படியே இருக்கும். சூடேறும்போது அதன் வேகம் இன்னும் கூடும். கபாப், கீமாவுக்கு அது அருமையான பொருள். அண்டர்கட்டுக்குத் தேவையே இல்லை.

நிறம் வராததற்குக் காரணம் ஈரம். கறி பொன்பழுப்பாக மாறி அந்த மணம் வருவதை மையார் வினை என்பார்கள், 1912-இல் அதை விவரித்த பிரெஞ்சு வேதியியலாளரின் பெயரால். சுமார் 140 டிகிரிக்கு மேல்தான் அது வேகம் பிடிக்கும். கறியின் மேல் தண்ணீரோ தயிரோ இருக்கிற வரை அந்த இடம் 100 டிகிரியைத் தாண்டாது. அடுப்பின் சூடு முழுவதும் தண்ணீரை ஆவியாக்குவதிலேயே போய்விடும். அதற்குள் உள்ளே வெந்து முடிந்திருக்கும்.

இதற்கு வேண்டிய மசாலா உப்பு ஒன்றுதான். கால் கிலோ துண்டுக்குத் தூள் உப்பு அரை டீஸ்பூன், தலைதட்டி. முதல் நாள் இரவே எல்லாப் பக்கமும் தூவி, மூடாமல் ஃப்ரிட்ஜில் வையுங்கள். முதலில் தண்ணீர் விடும், பிறகு அந்த உப்புத்தண்ணீரைக் கறியே உள்ளே இழுத்துக்கொள்ளும். காலையில் மேல்தோல் காய்ந்து, கை வைத்தால் ஒட்டாது. நம் ஊர் ஈரக்காற்றில் இந்த ஒரு இரவு மிகவும் முக்கியம். நேரமில்லை என்றால் கல்லில் போடுவதற்குச் சற்று முன் உப்பிடுங்கள். கால் மணி, அரை மணிக்கு முன் உப்பிடுவதுதான் மோசம், அப்போது கறி தண்ணீர் விட்டுக்கொண்டிருக்கும்.

கிரில் கிடையாது, ஓவன் கிடையாது. ஒரு கேஸ் அடுப்பு மட்டும் இருக்கிறது. முடியுமா அக்கா?
— வாசகர், தாராவி

தாராளமாக முடியும் தம்பி. கனமான வார்ப்பிரும்புத் தோசைக்கல் போதும், மாட்டுங்கா மார்க்கெட் பாத்திரக் கடைகளில் கேளுங்கள். கம்பிக் கோடு போட்ட கிரில் பேனை விட தட்டையான கல்லே மேல் என்பது என் தீர்மானமான அபிப்பிராயம். கோடு விழுவது கண்ணுக்கு அழகு, ஆனால் கோட்டுக்கு இடையில் இருக்கும் கறி வெளிறிப்போகும். கல்லில் முழுப் பரப்பும் சிவக்கும். தோசைக்கு இருக்கிற கல்லில் கறி போட வீட்டில் சம்மதிக்க மாட்டார்கள் என்றால் தனியாக ஒன்று வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். நான்ஸ்டிக் வேண்டவே வேண்டாம். 260 டிகிரிக்கு மேல் அந்தப் பூச்சு சிதைய ஆரம்பிக்கும்.

கல்லைக் காயவைக்க ஐந்தாறு நிமிடமாவது கொடுங்கள். தண்ணீர் தெளித்தால் சொட்டு முத்தாக உருண்டு ஓட வேண்டும். ஜன்னலைத் திறந்துவிடுங்கள், புகை வரும். எண்ணெயைக் கல்லில் ஊற்றாமல் கறியின் மேல் தடவுங்கள். சுத்திகரித்த கடலை எண்ணெய் நல்லது. செக்கு எண்ணெய் சீக்கிரம் புகைந்து கசக்கும். தடவுவதற்கு முன் கறியை இன்னொரு தடவை துணியால் ஒற்றிவிடுங்கள்.

கறியைப் போட்டதும் பெரிய சத்தம் வர வேண்டும். சத்தம் மெலிதாக இருந்தால் எடுத்துவிட்டு இன்னும் காயவையுங்கள். ஒரு நேரத்தில் இரண்டு துண்டு போதும், கூட்டமாகப் போட்டால் கல் ஆறிவிடும். ‘ஒரே தடவைதான் திருப்ப வேண்டும்’ என்ற விதியை மறந்துவிடுங்கள். நிமிடத்துக்கு ஒரு தடவை திருப்பினால் இரண்டு பக்கமும் சீராக வேகும், மேல்தோலுக்குக் கீழே சாம்பல் நிறத்தில் வறண்டுபோகும் பட்டையும் மெல்லிசாக இருக்கும். ஓரங்களையும் இடுக்கியால் நிமிர்த்திப் பிடித்துச் சிவக்கவையுங்கள்.

நன்றாகச் சிவந்த பிறகு தீயைக் குறைத்து ஒரு ஸ்பூன் வெண்ணெய், நசுக்கிய பூண்டு, ஒரு கொத்து கறிவேப்பிலை. உருகியதைக் கரண்டியால் கறியின் மேல் ஊற்றிக்கொண்டே இருங்கள். வெண்ணெயை ஆரம்பத்திலேயே போட்டால் கருகும். மிளகும் அப்படித்தான், இறக்கிய பிறகு கொரகொரப்பாக இடித்துத் தூவினால் போதும்.

ஒன்றரை அங்குலத் துண்டுக்கு மொத்தம் சுமார் பத்து நிமிடம் பிடிக்கும். ஆனால் கடிகாரத்தை நம்பி நிற்காதீர்கள். அடுப்புக்கு அடுப்பு, கல்லுக்குக் கல் மாறும். குத்திப் பார்க்கும் சமையல் தெர்மாமீட்டர் ஒன்று வாங்குங்கள். விரலால் அமுக்கிப் பார்த்துச் சொல்வது தினமும் ஒரே மாதிரித் துண்டுகளை வறுத்துக்கொண்டிருப்பவர்களுக்குத்தான் கைவரும். பக்கவாட்டிலிருந்து நடுப்பகுதிவரை குத்திப் பாருங்கள். 63 காட்டினால் இறக்கி, தட்டில் ஐந்து நிமிடம் விடுங்கள். உள்ளே சூடு இன்னும் இரண்டு மூன்று டிகிரி ஏறும். பிறகு நார் ஓடும் திசைக்குக் குறுக்கே வெட்டுங்கள்.

‘மேலே வறுத்தால் சாறு உள்ளே பூட்டிக்கொள்ளும்’ என்று யாராவது சொல்வார்கள். 19-ஆம் நூற்றாண்டில் ஜெர்மன் வேதியியலாளர் லீபிக் பரப்பிய கருத்து அது, சரியல்ல. கல்லில் கேட்கும் அந்தச் சத்தமே சாறு வெளியேறுகிற சத்தம்தான். நாம் வறுப்பது ருசிக்காக. கறி ஈரமாக இருக்கும் ரகசியம் சரியான சூட்டில் நிறுத்துவதில் இருக்கிறது.

வெட்டினால் தட்டில் சிவப்பாகத் தண்ணீர் ஓடுகிறது. ‘ரத்தம்’ என்று என் கணவர் தொடவே மாட்டேன் என்கிறார். முழுக்க வேகாமல் சாப்பிடுவது ஆபத்து இல்லையா?
— வாசகி, சயான்

அது ரத்தம் இல்லை, சகோதரி. அறுக்கும்போதே ரத்தம் ஏறக்குறைய முழுவதும் வடிந்துவிடும். நீங்கள் பார்ப்பது தசையில் இருக்கும் தண்ணீர். அதற்குச் சிவப்பு நிறம் கொடுப்பது மையோகுளோபின் என்ற புரதம். எருமைக்கறியில் அது அதிகம்.

ஆபத்தைப் பற்றிக் கேட்டது நல்ல கேள்வி. முழுத் தசைத் துண்டில் கிருமிகள் பெரும்பாலும் மேல்பரப்பில்தான் இருக்கும், அந்தச் சூட்டில் அவை தப்ப முடியாது. ஆனாலும் அமெரிக்க வேளாண்துறை முழுத் துண்டுகளுக்கே நடுவில் 63 டிகிரியும், அதன் பிறகு மூன்று நிமிட ஓய்வும் வேண்டும் என்கிறது. 63-இல் இறக்கி ஓய்வுக்கு விடச் சொன்னது அதனால்தான். உள்ளே இளஞ்சிவப்பு இருக்கும், கறி காய்ந்திருக்காது. இறக்குவதற்கு முன் ஒரு தடவை குத்திப் பார்த்து 63 வந்ததா என்று உறுதி செய்துகொள்ளுங்கள். ஓட்டலில் மீடியம் ரேர், அதாவது நடுவில் இன்னும் சிவப்பாக இருக்கும் பதம், என்று தருவது 54 முதல் 57 வரை. வீட்டில் நான் அந்த அளவுக்குப் போவதில்லை.

கொத்திய கறிக்கும், ஊசி போன்ற கருவியால் குத்தி மிருதுவாக்கிய கறிக்கும் இந்தக் கணக்குப் பொருந்தாது. மேலே இருந்த கிருமி உள்ளே போயிருக்கும், 71 டிகிரி கட்டாயம். கர்ப்பிணிகள், சின்னக் குழந்தைகள், வயதானவர்கள், நோயெதிர்ப்பு குறைந்தவர்கள் எல்லோருக்கும் எப்போதும் முழுக்க வெந்ததே கொடுங்கள். கணவரைக் கட்டாயப்படுத்த வேண்டாம். அவருடைய துண்டை மட்டும் இன்னும் சற்று வைத்து எடுங்கள், மேலே வெண்ணெய் கூடுதலாக ஊற்றுங்கள்.

இன்னொன்று: சமைப்பதற்கு முன் ஒரு மணி நேரம் வெளியே வைத்துக் ‘குளிர் விட’ வேண்டியதில்லை. தடித்த துண்டின் நடுவில் அதனால் பெரிதாக எதுவும் மாறாது. மும்பை வெயிலில் கறியை வெளியே வைக்கக் கூடாது.

பதினான்காவது மாடியில் இருக்கிறோம். பால்கனியில் சின்னக் கரி அடுப்பு வைத்து கிரில் செய்யலாமா?
— வாசகர், முலுண்ட்

வேண்டாம். பொறி பறந்து பக்கத்துத் துணியிலோ வலையிலோ விழலாம், புகை மேல்மாடிக்குப் போகும். மழை வந்தது என்று அடுப்பை உள்ளே இழுத்தால் அது உயிருக்கே ஆபத்து. கரியிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. மூடிய அறையில் ஆளைக் கொன்றுவிடும்.

லோனாவ்லா, கர்ஜத் பக்கம் திறந்த முற்றமுள்ள வீட்டுக்குப் போகும்போது கரி அடுப்பு மூட்டுங்கள். மரக்கரி வாங்குங்கள். மண்ணெண்ணெய் ஊற்றிப் பற்றவைத்தால் கறியில் அந்த வாடை ஏறும். கரி மேலே சாம்பல் பூத்த பிறகே கறி வைக்க வேண்டும். கரி முழுவதையும் ஒரு பக்கமாக ஒதுக்குங்கள். சூடான பக்கத்தில் சிவக்கவைத்து, கரி இல்லாத பக்கத்துக்கு நகர்த்தி மெதுவாக வேகவிடலாம். கொழுப்போ எண்ணெயோ சொட்டித் தீ எழும்பினாலும் நகர்த்துவதற்கு இடம் இருக்கும்.

மட்டனில் இதே மாதிரி செய்ய முடியுமா?
— வாசகி, அந்தேரி

முதுகுப் பக்கச் சாப்ஸ் மட்டும். ஆட்டுத் தொடையைத் துண்டு போட்டுக் கல்லில் போட்டால் கடிக்க முடியாது. சாப்ஸையும் இரண்டு நாள் ஃப்ரிட்ஜில் வைத்து, இதே உப்பு, இதே கல். மெலிதாக இருப்பதால் சீக்கிரம் இறக்குங்கள்.

அண்டர்கட்டின் வால் பகுதி, வெட்டிய ஓரங்கள் எல்லாம் மீந்துவிட்டன. என்ன செய்வது?
— வாசகி, பாண்டுப்

அதை வீணாக்காதீர்கள், எனக்குப் பிடித்தமான பாகம் அது. விரல் நீளத்துக்கு நறுக்கி, மஞ்சள்தூளும் உப்பும் பிசறி வையுங்கள். நல்லெண்ணெயில் சோம்பு, கறிவேப்பிலை, நிறையச் சின்ன வெங்காயம் வதக்கி, இஞ்சி பூண்டு நசுக்கிப் போட்டு, கறியைச் சேர்த்துப் பெரிய தீயில் புரட்டுங்கள். மிருதுவான கறி என்பதால் குக்கர் வேண்டாம், தண்ணீரும் வேண்டாம். கறி நன்றாக வெந்து தண்ணீர் வற்றியதும் இடித்த மிளகைத் தாராளமாகப் போட்டு இறக்கிவிடுங்கள். உரித்த சவ்வில் ஒட்டியிருக்கும் சதையைச் சுரண்டி எடுத்தால் அதையும் இதிலேயே சேர்க்கலாம். ரசம் சாதத்துக்கு அவ்வளவு பொருத்தம்.