தண்டுவடக் கட்டியால் கால்கள் செயலிழந்த பிறகு குடும்ப வாழ்க்கை எப்படி இருக்கும்?

தண்டுவடக் கட்டியை எடுத்த பிறகு அண்ணனுக்கு இடுப்புக்குக் கீழே உணர்வில்லை, அண்ணி இரவும் பகலும் அவரைப் பார்த்துக்கொண்டே ஓய்ந்துபோகிறார், இனி அந்தக் குடும்பம் என்ன ஆகும் என்று கேட்டிருக்கிறீர்கள். உங்கள் அண்ணியின் இடத்தில் இருப்பவள் நான். எங்களுக்குச் சேலம் அம்மாப்பேட்டை. வீட்டிலேயே குழித்தறி. கணவர் வெண்பட்டு வேட்டி நெய்தவர்.

அவருக்கு முதலில் வந்தது முதுகு வலி. படுத்தால் கூடும். தறி வேலைக்கு முதுகு வலிக்காமல் இருக்குமா என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். அப்புறம் காலிலிருந்து செருப்பு கழன்றதுகூடத் தெரியாமல் நடந்தார். எம்.ஆர்.ஐ. எடுத்ததில் மார்பு மட்டத்தில் கட்டி. புற்றுநோய் இல்லை, முழுதாக எடுத்தும் விட்டார்கள். ஆனால் அதற்குள் தண்டுவடம் நசுங்கிப்போயிருந்ததால் கால்கள் திரும்பவில்லை. உங்கள் அண்ணனுக்கு இப்போதுதான் அறுவை சிகிச்சை நடந்தது என்றால் நம்பிக்கையை விடாதீர்கள். முதல் சில மாதங்களில் ஓரளவு அசைவு திரும்புகிறவர்கள் உண்டு. பிசியோதெரபியை மட்டும் நிறுத்தக் கூடாது.

சரி, குடும்பத்துக்கு வருகிறேன். அண்ணனால் தன் கையால் செய்ய முடிகிற எதையும் அண்ணி செய்யக் கூடாது. இதைக் கல் மனசு என்று சொல்வார்கள், சொல்லட்டும். சிறுநீரை நாலிலிருந்து ஆறு மணி நேரத்துக்கு ஒரு முறை டியூப் வைத்து எடுக்க வேண்டும். கை நன்றாக இருப்பவர் அதைத் தானே செய்துகொள்ளலாம். சோப்புப் போட்டுக் கை கழுவி, உட்கார்ந்தபடியே முடித்துவிடலாம். மலம் கழிக்கவும் தினம் ஒரே நேரத்தைப் பழக்க முடியும். இவற்றையும் கட்டிலிலிருந்து சக்கர நாற்காலிக்கு மாறுவதையும் வேலூர் பாகாயத்தில் சி.எம்.சி. என்கிற கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் மறுவாழ்வு மையத்தில் என் கணவர் கற்றுக்கொண்டார். அந்த மையம் 1966-ல் வரக் காரணமாக இருந்த டாக்டர் மேரி வர்கீஸ் 1954-ல் விபத்தில் கால்கள் செயலிழந்தவர். சக்கர நாற்காலியில் உட்கார்ந்தே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்தார். இதைக் கேட்ட அன்று என் கணவர் வெகுநேரம் அவரைப் பற்றியே பேசினார். டியூப் வேலை என் கையை விட்டு அவர் கைக்குப் போன பிறகுதான் நாங்கள் மறுபடி கணவன் மனைவியாகப் பேசிக்கொண்டோம். தாம்பத்தியம் பற்றியும் மருத்துவரிடம் கூச்சப்படாமல் கேட்கச் சொல்லுங்கள். வழிகள் இருக்கின்றன, குழந்தை பெற்றவர்களும் இருக்கிறார்கள்.

இப்போது எங்கள் வீட்டில் தறிக்குழியில் நான் உட்காருகிறேன். மிதி மிதிக்கக் கால் வேண்டும். ஊடை நூலைத் தாராகச் சுற்றக் கை போதும், அதனால் ராட்டை அவருடையது. கூலிக் கணக்கும் பையனின் பள்ளிக்கூட விஷயமும் அவர் பொறுப்புதான். பள்ளியிலிருந்து போன் வந்தால் நான் எடுத்துப் பேசுவதில்லை, அவரிடம் கொடுத்துவிடுவேன். பார்க்க வருகிறவர்கள் அவர் காதுபட "பாவம்" என்று அழ ஆரம்பித்தால் என் அத்தையே அவர்களைத் திண்ணைக்கு அழைத்துப் போய்விடுவார்.

தோலைப் பற்றிக் கட்டாயம் சொல்ல வேண்டும். படுக்கையில் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை திருப்பிப் படுக்க வேண்டும். நாற்காலியில் இருக்கும்போது கால் மணி, அரை மணிக்கு ஒரு முறை கைகளை ஊன்றி உடம்பைத் தூக்க வேண்டும். சூடான டம்ளரை மடியில் வைக்கவே கூடாது, சுட்டாலும் தெரியாது. கட்டி மார்பு மட்டத்தில் இருந்தவர்களுக்குக் கீழ்ப்பகுதி சரியாக வியர்க்காது. சேலத்துச் சித்திரை வெயிலில் அவர் உடம்பு சட்டென்று கொதித்துவிடும், ஈரத்துண்டு எப்போதும் பக்கத்தில் இருக்கும்.

வீட்டில் முதலில் கழிவறைக் கதவை அகலப்படுத்துங்கள். வாசலில் சாய்தளம் கட்டுவதாக இருந்தால் ஓர் அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம் வேண்டும். எங்கள் சந்தில் அதற்கு இடம் ஏது? பின்வாசல் தாழ்வாக இருந்ததால் அந்தப் பக்கம் வைத்துக்கொண்டோம்.

நீங்கள் செய்யக்கூடியது ஒன்று உண்டு. வாரத்தில் ஓர் இரவாவது அங்கே போய்த் தங்கி, அண்ணனைத் திருப்பிப் படுக்கவைக்கும் வேலையை எடுத்துக்கொள்ளுங்கள். அண்ணி விடியும்வரை எழுந்திருக்காமல் தூங்கட்டும். பணம் அனுப்புவதைவிட இது பெரிய உதவி. பகலில் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்துக்குப் போய் அடையாள அட்டை, பராமரிப்பு உதவித்தொகை, சக்கர நாற்காலி மூன்றுக்கும் விண்ணப்பம் கொடுத்துவிடுங்கள். இந்த அலைச்சல் அண்ணி தலையில் விழ வேண்டாம்.

காய்ச்சல், கலங்கி நாறும் சிறுநீர், அழுத்தம் எடுத்தும் தோலில் மறையாத சிவப்பு, ஒரு கால் மட்டும் வீங்குவது, இவற்றில் எது வந்தாலும் அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். கைகளில் புதிதாகப் பலம் குறைந்தாலும் தாமதிக்காதீர்கள். அண்ணனுக்குக் கட்டி எந்த மட்டத்தில் இருந்தது, டியூப் பயிற்சி கொடுத்தார்களா என்று எழுதுங்கள், தெரிந்ததைச் சொல்கிறேன்.