வாசகர் கேள்வி-பதில்: அமெரிக்க அதிபரைத் தேர்ந்தெடுப்பவர்களை நியமிப்பது யார்?

கேள்வி: 2016-இல் ஹிலாரி கிளிண்டன் சுமார் 29 லட்சம் ஓட்டு கூடுதலாக வாங்கியும் டிரம்ப் அதிபரானார். அதிபரைத் தேர்ந்தெடுக்கும் 'தேர்வாளர்கள்' வைத்ததுதான் சட்டம் என்கிறார் கூட்டாளி ஒருவர். ஒட்டுக்கடையில் வாய்ச்சண்டையே நடந்துவிட்டது. அவர்களை யார் நியமிக்கிறார்கள்?
- தோட்டத்து வாசகர், சுங்கை சிப்புட்

பதில்: மாநிலங்கள்தான். அரசமைப்பின் 2-ஆவது பிரிவு சொல்வது கொஞ்சம்தான்: ஒவ்வொரு மாநிலமும் தன் சட்டமன்றம் விதிக்கும் முறைப்படி தேர்வாளர்களை நியமிக்க வேண்டும். தேர்வாளர் எண்ணிக்கை: கூட்டரசு நாடாளுமன்றத்தில் அம்மாநிலத்துக்குள்ள செனட்டர் இருவர், அவர்களோடு பிரதிநிதிகள் எத்தனை பேரோ அத்தனை இடம். கலிபோர்னியாவுக்கு 54, வயோமிங்குக்கு 3. தலைநகர் வாஷிங்டனுக்கு 23-ஆவது திருத்தம் தந்த 3-ஐயும் சேர்த்தால் 538. வெற்றிக்கு 270 வேண்டும். நாடாளுமன்ற உறுப்பினரும் கூட்டரசுப் பதவியில் இருப்பவரும் தேர்வாளராக முடியாது.

மக்கள் ஓட்டுப் போட வேண்டும் என்று அதில் ஒரு வரிகூடக் கிடையாது! நம் மேலவைக்கு மாநிலச் சட்டமன்றங்கள் ஆளுக்கு இரண்டு செனட்டர்களை அனுப்புவதைப் போல, அங்கும் தொடக்கத்தில் பல சட்டமன்றங்கள் தாமே ஆட்களைப் பொறுக்கின. தென் கரோலினா 1860 வரை விடவில்லை. 1789-இல் நியூயார்க்கின் இரு அவைகளும் ஒத்துப்போகாததால், ஜார்ஜ் வாஷிங்டன் தேர்வான முதல் தேர்தலுக்கே அங்கிருந்து ஒருவரும் போகவில்லை.

இன்று எல்லா மாநிலங்களிலும் மக்கள்தான் ஓட்டுப் போடுகிறார்கள். கட்சிகள் முன்கூட்டியே ஆளுக்கொரு தேர்வாளர் பட்டியல் கொடுத்துவிடும். பெரும்பாலான மாநிலங்களின் வாக்குச்சீட்டில் தேர்வாளர் பெயர் அச்சாவதில்லை. அதிபர் வேட்பாளருக்கு நேரே குறியிட்டால் அவர் பட்டியலுக்குப் போட்டதாகும். 48 மாநிலங்களில் ஓர் ஓட்டு முந்தினாலும் பட்டியல் முழுவதும் அவருக்கே. 29 லட்சம் வீணானது இதனால்தான். மெய்னும் நெப்ராஸ்காவும் மட்டும் விலக்கு: மாநிலத்தில் முந்தியவருக்கு 2, மற்றவை தொகுதிவாரியாக. 2020-இல் நெப்ராஸ்காவின் ஐந்தில் ஒன்று பைடனுக்குப் போனது.

கேள்வி: முடிவு பிடிக்காவிட்டால் சட்டமன்றம் வேறு ஆட்களை நியமிக்கலாமா?
- அதே வாசகர்

பதில்: முடியாது. முறையை வகுப்பது மாநிலம். தேர்தல் நாளைக் குறிப்பது கூட்டரசு நாடாளுமன்றம். தேர்தல் நாளுக்கு முன்பு இயற்றிய மாநிலச் சட்டப்படிதான் நியமனம் என்று 2022-இல் வந்த கூட்டரசுச் சட்டம் கட்டிப்போட்டுவிட்டது. தேர்வாளர்கள் கூடுவதற்கு 6 நாள் முன்பே சான்றிதழ் தயாராக வேண்டும். 2024-இல் அது டிசம்பர் 11. தங்கள் தங்கள் மாநிலத்தில் கூடி ஓட்டுப் போட்டது டிசம்பர் 17.

கேள்வி: தேர்வாளர் கட்சி மாறி ஓட்டுப் போட்டால்?
- வாசகி, தாப்பா

பதில்: மாநிலச் சட்டத்தைப் பொறுத்தது. 2016-இல் வாஷிங்டன் மாநிலத்தில் அப்படிச் செய்த மூவர் தலா 1,000 டாலர் அபராதத்தை எதிர்த்து உச்ச நீதிமன்றம் வரை போய், 2020-இல் தோற்றார்கள். தடைச் சட்டம் இல்லாத மாநிலத்தில் மாற்றிப் போட்ட ஓட்டும் எண்ணப்படும்.