ராமேஸ்வரக் கோச்சியில் விட்ட பை: எந்தக் கோட்டத்துக்கு எழுதுவது?

கேள்வி: அம்மாவோடு சென்னை எழும்பூரிலிருந்து 16751 ஆம் எண் ரயிலில் ராமேஸ்வரம் போனபோது, ஒரு பையைச் சீட்டுக்குக் கீழே மறந்து இறங்கிவிட்டோம். இப்போது இலங்கைக்கு, கல்லடிக்கு வந்துவிட்டோம். சென்னைத் தலைமையகத்துக்கு எழுதலாமா?

பதில்: எழுதலாம், ஆனால் கடிதம் அங்கிருந்து கீழே இறங்கி வர நாள் போகும். மதுரைக் கோட்டத்துக்கே நேராக எழுதுங்கள்.

நம்மூர்க் கல்வி நிர்வாகத்தில் வலயம், கோட்டம் என்று இருக்கிறதல்லவா, ஏறக்குறைய அதே அமைப்புத்தான். 1951 ஏப்ரல் 14 இல் உருவான தெற்கு ரயில்வேக்கு (அங்கே அதை மண்டலம் என்பார்கள்) தலைமையகம் சென்னை. அதன் கீழ் சென்னை, திருச்சி, மதுரை, சேலம், பாலக்காடு, திருவனந்தபுரம் என ஆறு கோட்டங்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு கோட்ட மேலாளர்.

கோட்டம் என்பது தண்டவாளத்துக்கான எல்லை, ரயிலுக்கானது அல்ல. பழைய போட் மெயிலான உங்கள் 16751 சென்னைக் கோட்டத்தில் புறப்பட்டு, விழுப்புரத்தில் திருச்சிக் கோட்டத்துக்குள் வந்து, காரைக்குடி, மானாமதுரை வழியாக மதுரைக் கோட்டத்தில் முடிகிறது. பழைய தென்னிந்திய ரயில்வேயின் தலைமையிடம் திருச்சியில் இருந்ததால் இன்றைக்கும் பலர் அங்கே எழுதிவிட்டுக் காத்திருப்பார்கள். ராமேஸ்வரம் திருச்சிக்குச் சேர்ந்ததல்ல.

கடைசி நிலையத்தில் பெட்டியைத் துப்புரவு செய்யும்போது கிடைக்கும் பை, நிலைய அதிபரிடமோ ரயில்வே பாதுகாப்புப் படையிடமோதான் போகும். ஆகவே கோட்ட வணிகப் பிரிவின் முதுநிலை மேலாளருக்கு எழுதி, ராமேஸ்வரம் நிலைய அதிபருக்கும் ஒரு பிரதி போடுங்கள். பயணச்சீட்டிலுள்ள பி.என்.ஆர். (முன்பதிவு) எண், ரயில் எண், பெட்டி, படுக்கை எண் எல்லாம் வேண்டும். 'எஸ்4, 23' என்று எழுதினால் அது ஓரத்துக் கீழ்ப்படுக்கை என்று ஊழியருக்கு உடனே விளங்கும். 'சன்னல் பக்கம்' என்றால் ஒன்றும் விளங்காது. பையின் நிறம், பூட்டு, உள்ளே இருந்த இரண்டு மூன்று பொருட்கள் ஆகியவற்றையும் குறிப்பிடுங்கள்.

அதிகம் பிழைப்பது திகதியில்தான். இது இரவு வண்டி. இறங்கிய நாளை எழுதினால் அடுத்த நாள் வண்டியில் தேடுவார்கள். எழும்பூரில் புறப்பட்ட நாளை எழுதுங்கள்.

ரயில்வேயின் உதவி எண்ணான 139 இந்தியாவுக்குள் அழைக்கும் குறுகிய எண். இங்கிருந்து அதை நம்ப வேண்டாம். தமிழ்நாட்டில் உறவினர் யாராவது இருந்தால், அவரது கைபேசியில் ரயில்வேயின் முறைப்பாட்டு இணையத்தளமான 'ரயில் மதத்' (Rail Madad) இல் பி.என்.ஆரோடு முறையிடச் சொல்லுங்கள். பையை அவரே வாங்குவதாயின் உங்கள் கையொப்பமிட்ட அதிகாரக் கடிதமும் கடவுச்சீட்டுப் பிரதியும் கையில் இருப்பது நல்லது.

நட்டஈட்டை எதிர்பார்க்காதீர்கள். 1989 ஆம் ஆண்டின் ரயில்வே சட்டம் 100 ஆம் பிரிவின்படி, புக் செய்து ரசீது பெறாமல் கையோடு கொண்டுபோன பைக்கு, ரயில்வேயின் கவனக்குறைவை நிரூபித்தால்தான் பொறுப்பு. இங்கே மறந்தது நீங்கள். களவு என்று சந்தேகமிருந்தால் பாதை வேறு: அது மாநிலப் பொலிஸின் கீழுள்ள ரயில்வே பொலிஸுக்கான முறைப்பாடு, கோட்டத்துக்கானது அல்ல.