அமெரிக்கா பிரைவேட் ஸ்கூலுக்கு நாம கொடுக்கற டொனேஷன் எங்க போகுது: கேள்வி பதில்

இங்க பிரைவேட் ஸ்கூல்ல பிள்ளைங்களை போட்டிருக்கற நம்ம ஆளுங்க நிறைய பேர் டொனேஷன் பத்தி கேட்டிருந்தீங்க. நான் இப்படி ஒரு ஸ்கூல்ல நிதி திரட்டற ஆபீஸ்ல பல வருஷமா வேலை பாக்கறேன், அதுல தெரிஞ்சதை சொல்றேன். டாக்ஸ் விஷயத்துல மட்டும் உங்க சிபிஏகிட்ட (டாக்ஸ் பாக்கற ஆடிட்டர்) ஒரு வார்த்தை கேட்டுக்கோங்க.

நியூஜெர்சி அம்மா: அக்கா, இவ்ளோ ஃபீஸ் கட்டறோம், அதுக்கு மேல ஆனுவல் ஃபண்டுக்கு கொடுங்கனு லெட்டர் வந்திருக்கு. ஊர்ல சீட்டுக்கு டொனேஷன் கேப்பாங்களே, அதே தானா?

இல்லம்மா, ரெண்டும் முழுக்க வேற. ஊர்ல கேக்கறது சீட்டுக்கு விலை, தமிழ்நாட்டுல 1992லயே சட்டம் போட்டு தடை பண்ணின விஷயம் அது. இங்க பிள்ளை சேர்ந்து படிச்சிட்டு இருக்கறப்ப தான் லெட்டர் வரும், கொடுக்கலனா பிள்ளையை யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க. ஏன் கேக்கறாங்கனா பெரும்பாலான ஸ்கூல்ல ஒரு பிள்ளைக்கு ஆகற முழு செலவை ஃபீஸ் ஈடு கட்டறதில்ல. டீச்சர் சம்பளம், அவங்க ஹெல்த் இன்சூரன்ஸ், வசதி இல்லாத பிள்ளைங்களுக்கு ஃபீஸ் குறைப்பு, இதெல்லாம் சேர்த்தா துண்டு விழும். ஃபீஸை ஏத்தினா பாதி குடும்பம் வெளிய போயிடும், அதனால அந்த துண்டை டொனேஷன் வெச்சு தான் நிரப்பறாங்க.

டல்லாஸ் அப்பா: ஆனுவல் ஃபண்ட், கேப்பிடல் கேம்பெயின், எண்டோமென்ட்... மூணும் ஒண்ணு தானே மேடம்?

இல்ல சார். ஆனுவல் ஃபண்ட் இந்த வருஷமே செலவாகற காசு. கேப்பிடல் கேம்பெயின் சில வருஷத்துக்கு ஒரு தடவை, புது லேப், ஜிம், ஆடிட்டோரியம் மாதிரி பெரிய வேலைக்கு. எண்டோமென்ட்ங்கறது விதைநெல், அதை எடுத்து சமைக்க மாட்டாங்க, முதலீட்டுல போட்டு வருஷா வருஷம் பொதுவா 4லிருந்து 5 சதவீதம் மட்டும் எடுப்பாங்க. அதாவது ஒருத்தர் 1,00,000 டாலர் கொடுத்தா ஸ்கூலுக்கு வருஷத்துக்கு கையில வர்றது 4,000, 5,000 தான், ஆனா அது கொடுத்தவர் காலத்துக்கு அப்புறமும் வந்துகிட்டே இருக்கும்.

பே ஏரியா அண்ணன்: ஒருத்தர் கொடுத்த காசுல ஒரு ஸ்கூலே மாறினதுக்கு நிஜ உதாரணம் இருக்கா?

இருக்கு, எனக்கு ரொம்ப பிடிச்சது நியூ ஹாம்ப்ஷைர்ல இருக்கற ஃபிலிப்ஸ் எக்ஸிடர் அகாடமி கதை. எட்வர்ட் ஹார்க்னெஸ்னு ஒருத்தர், ஸ்டாண்டர்ட் ஆயில்ங்கற எண்ணெய் கம்பெனில வந்த குடும்ப சொத்து அவருக்கு, 1930ல அந்த ஸ்கூலுக்கு 58 லட்சம் டாலர் கொடுத்தார். அவர் முக்கியமா கேட்டது கட்டடம் இல்ல, பாடம் நடத்தற முறையை மாத்தணும்னு கேட்டார், பிள்ளைங்க டீச்சரோட ஒரே மேசையை சுத்தி உக்காந்து பேசி படிக்கணும், வாய் திறக்காத பிள்ளையும் அங்க பேசணும்னு அவருக்கு ஆசை. வகுப்பு சின்னதானா டீச்சர் நிறைய வேணும், ரூம் நிறைய வேணும், அவர் காசு அதுக்கு தான் வழி பண்ணுச்சு. இன்னிக்கும் அங்க ஒரு டசன் பிள்ளைங்க முட்டை வடிவ மேசையை சுத்தி உக்காந்து தான் கணக்குல இருந்து வரலாறு வரைக்கும் படிக்கறாங்க, மேசைக்கே ஹார்க்னெஸ் டேபிள்னு பேரு, வேற பல ஸ்கூலும் அதை எடுத்துக்கிச்சு.

இன்னொண்ணு பென்சில்வேனியால ஜார்ஜ் ஸ்கூல், குவேக்கர்கள்ங்கற கிறிஸ்தவ பிரிவு நடத்தறது. அங்க படிச்ச பார்பரா டாட் ஆண்டர்சன் 2007ல 12.85 கோடி டாலர் தர்றதா அறிவிச்சாங்க. அவங்க அப்பா டேவிட் டாட் கொலம்பியா யூனிவர்சிட்டில, முதலீட்டுல பேர் போன வாரன் பஃபெட்டுக்கு பாடம் எடுத்தவர், பஃபெட்டோட கம்பெனியான பெர்க்‌ஷயர் ஷேர்ல வளர்ந்த சொத்து தான் ஸ்கூலுக்கு வந்துச்சு.

அட்லாண்டா தங்கச்சி: என் பையன் ரோபாட்டிக்ஸ்ல இருக்கான் அக்கா. அதுக்கு மட்டும்னு சொல்லி கொடுக்கலாமா?

கொடுக்கலாம்டா, எழுதி கொடுத்தா ஸ்கூல் அதை மதிச்சே ஆகணும், சட்டப்படியும் வேற எதுக்கும் சுலபமா திருப்ப முடியாது. ஆனா அதனால தான் கொஞ்சம் யோசிக்க சொல்றேன். கோச் வேலையை விட்டு போய் ப்ரோக்ராம் நின்னுட்டா அந்த காசு அப்படியே கிடக்கும், பக்கத்து ரூம்ல பிள்ளைங்களுக்கு கவுன்சிலர் வைக்க காசு இருக்காது. 2020 மார்ச்ல கொரோனா வந்து ஸ்கூல் மூடினப்ப, வேலை போன குடும்பங்களுக்கு ஃபீஸ் குறைக்க, லேப்டாப் வாங்கி கொடுக்க உதவினது கண்டிஷன் போடாம வந்த காசு தான். போர்டுல பேர் வராத அந்த காசை நான் ரொம்ப பெருசா மதிக்கறேன். ரோபாட்டிக்ஸ்க்கு செய்யணும்னு மனசு இருந்தா ‘முடிஞ்சா ரோபாட்டிக்ஸ், இல்லனா தேவைப்படற இடத்துக்கு’னு எழுதி கொடு, போதும்.

சிகாகோ தம்பி: புது ஜிம் கட்ட கேக்கறாங்க அக்கா. கொடுக்கறதுக்கு முன்னாடி என்ன கேக்கணும்?

கட்டி முடிச்சப்புறம் கரண்ட், ஏசி, ரூஃப் ரிப்பேருக்கு காசு எங்கிருந்து வரும்னு கேளு. நல்ல ஸ்கூல் கேம்பெயின்லயே பராமரிப்புக்கு ஒரு தொகை தனியா சேர்த்து திரட்டும். ‘அப்புறம் பாத்துக்கலாம்’னு சொன்னா அந்த செலவு நாலு வருஷத்துல உன் ஃபீஸ் பில்லுல வந்து நிக்கும், அதுல சந்தேகமே வேணாம்.

சியாட்டில் அப்பா: கம்பெனி ஷேர் நிறைய இருக்கு. காசுக்கு பதிலா அதை கொடுக்கலாமா?

தாராளமா. ஒரு வருஷத்துக்கு மேல வெச்சிருந்து விலை ஏறின ஷேரை ஸ்கூலோட புரோக்கரேஜ் அக்கவுண்டுக்கே நேரா மாத்திடுங்க. வித்துட்டு காசா கொடுத்தா லாபத்துக்கு டாக்ஸ் கட்டணும், ஷேராவே கொடுத்தா அந்த டாக்ஸ் கிடையாது, ஐட்டமைஸ் பண்றவங்களுக்கு (கழிவுகளை டாக்ஸ் ஃபார்ம்ல ஒண்ணொண்ணா காட்டறவங்க) அன்னிக்கு மார்க்கெட் விலைக்கே டாக்ஸ் கழிவும் கிடைக்கும், வருமானத்துல 30 சதவீதம்ங்கற வரம்புக்குள்ள. அப்படியே உங்க கம்பெனி மேட்சிங், அதாவது நீங்க கொடுக்கறதுக்கு ஈடா கம்பெனியும் கொடுக்கறது, இருக்கானும் ஹெச்ஆர்கிட்ட கேளுங்க, ஃபார்ம் போடாம எத்தனையோ பேர் அதை விட்டுடறாங்க, பாக்க வருத்தமா இருக்கும்.

ஹூஸ்டன் அம்மா: ஸ்கூல் காலா (நிதி திரட்டற டின்னர் விழா) டிக்கெட் முழுசா டாக்ஸ்ல கழிச்சுக்கலாமா?

முடியாதும்மா. டிக்கெட் 300 டாலர், டின்னர் மதிப்பு 120னா மிச்சம் 180 தான் டொனேஷன். ஃபீஸை டொனேஷன்னு காட்டறதும் நடக்காது. 250 டாலரும் அதுக்கு மேலயும் கொடுத்தா ஸ்கூல்கிட்ட எழுத்துல ரசீது வாங்கி வெச்சுக்கோங்க.

பேர் வேணாம்னு சொன்ன ஒருத்தர்: எங்களுக்கு ஃபைனான்ஷியல் எய்ட் (ஃபீஸ் குறைப்பு) வருது. 25 டாலர் தான் முடியும். கொடுக்கவே கூச்சமா இருக்கு.

தயவு செஞ்சு கூச்சப்படாதீங்க. வெளியில இருக்கற ஃபவுண்டேஷன்கிட்ட பெரிய கிராண்ட் கேக்க போறப்ப ‘உங்க பேரன்ட்ஸ்ல எத்தனை சதவீதம் கொடுக்கறாங்க’னு கேக்கறவங்க உண்டு. அந்த கணக்குல உங்க 25 டாலரும் ஒரு குடும்பம், 25,000 கொடுத்தவரும் ஒரு குடும்பம் தான். முடியாத வருஷம் விட்டுடுங்க, அதுவும் தப்பில்ல.

சார்லட் அண்ணன்: பெரிய பொண்ணு படிக்கறா. சின்னவன் அப்ளை பண்றப்ப நல்லா கொடுத்தா உதவுமா?

அந்த எண்ணத்தோட கொடுக்காதீங்கண்ணா. ஒழுங்கான ஸ்கூல்ல அட்மிஷன் ஆபீஸ் தனி, எங்க ஆபீஸ் தனி. கொடுக்கணும்னு தோணினா ரிசல்ட் வந்தப்புறம் கொடுங்க, உங்க பையனுக்கும் அது தான் மரியாதை.

பாஸ்டன் அக்கா: கொடுத்த காசு சரியா போகுதானு எப்படி பாக்கறது?

முதல்ல ஸ்கூல் 501சி3, அதாவது லாப நோக்கம் இல்லாத அமைப்பு, தானானு ஐஆர்எஸ் (டாக்ஸ் டிபார்ட்மென்ட்) சைட்ல தேடுங்க, லாபத்துக்கு நடக்கற ஸ்கூலுக்கு கொடுத்தா டாக்ஸ் கழிவே கிடையாது. அப்புறம் அவங்க ஐஆர்எஸ்க்கு வருஷா வருஷம் கொடுக்கற கணக்கு, ஃபார்ம் 990, எடுத்து பாருங்க, யார் வேணா பாக்கலாம், அதிக சம்பளம் வாங்கறவங்க, எண்டோமென்ட் எவ்ளோ, டொனேஷன் எவ்ளோ எல்லாம் இருக்கும். சர்ச் நடத்தற ஸ்கூல் அதை ஃபைல் பண்ணணும்னு இல்ல, அங்க ஆடிட் ரிப்போர்ட் கேளுங்க. போன வருஷ ஆனுவல் ஃபண்ட் எதெதுக்கு செலவாச்சுனு ஒரு ஈமெயில் போடுங்க, எங்க ஆபீஸுக்கு அப்படி ஈமெயில் வந்தா ரெண்டு நாள்ல பதில் அனுப்பிடுவோம், உங்க ஸ்கூலும் அனுப்பணும்.