வீட்டுக்குப் பெயிண்ட் அடித்துப் பத்து நாளாகியும் வாடை போகவில்லை, கைக்குழந்தை இருக்கிறது. உடம்புக்குக் கெடுதலா?

பத்து நாள் கழித்தும் வாடை வந்தால், பெரும்பாலும் அது சுவரிலிருந்து வருவதில்லை. கதவு, ஜன்னல், கிரில்லுக்கு அடித்த எனாமலைத்தான் முதலில் சந்தேகப்பட வேண்டும். சுவருக்கு அடிக்கும் எமல்ஷனில் தண்ணீர் கலப்பார்கள், அதன் வாடை சில நாளில் அடங்கிவிடும். எனாமலில் கலப்பது டர்பன்டைன் அல்லது தின்னர். அது ஆவியான பிறகும் பெயிண்டின் எண்ணெய்ப் பசை காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து மெல்ல இறுகும். அப்போது மூக்கை உறுத்தும் ஆல்டிஹைடு என்ற வகை வேதிப்பொருட்கள் கசியும்.

தலைவலி, கண் எரிச்சல், குமட்டல், தொண்டை அரிப்பு வரலாம். வெளியே போனதும் சரியாகி, வீட்டுக்குள் வந்ததும் திரும்பினால் காரணம் பெயிண்ட்தான் என்று ஓரளவு நம்பலாம். ஆஸ்துமா இருப்பவர்களுக்கு இழுப்பு வரக்கூடும். புற்றுநோய் பயம் பலருக்கு உண்டு. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு எச்சரித்திருப்பது பெயிண்டர் தொழிலைப் பற்றி, சில நாள் வாடையைப் பற்றி அல்ல.

குழந்தையைத் தயவுசெய்து அந்த அறையில் படுக்க வைக்காதீர்கள். முடிந்தால் பாட்டி வீட்டுக்கு அனுப்புங்கள். எதிரெதிர் ஜன்னல்களைத் திறந்து, ஒன்றில் டேபிள் ஃபேனை வெளிப்பக்கம் பார்க்க வையுங்கள். ஏசி பெரும்பாலும் உள்காற்றையே சுற்றவிடும், உதவாது. சாம்பிராணி, ரூம் ஸ்பிரே வேண்டவே வேண்டாம். மீந்த தின்னர் டப்பா கட்டிலுக்கடியில் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

மூச்சுத்திணறல் வந்தாலோ குழந்தை பால் குடிக்காமல் துவண்டாலோ உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.